பண்ணைக்குட்டையா, சமஉயர வரப்பா?

ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர் விழுகிறது. குட்டை அதைக் கண்ணுக்குத் தெரியும்படி சேர்க்கிறது. சரிவுக்குக் குறுக்கே, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்துப் போடும் சமஉயர வரப்பு அதைத் தடுத்து மண்ணுக்குள் இறக்கிவிடுகிறது.

10 மீட்டர் நீளம், அதே அகலம், 2 மீட்டர் ஆழம், நேர்ச்சுவர் என்றால் குட்டை 2 லட்சம் லிட்டர் கொள்ளும். பூக்கும் பருவத்தில் மழை ஏமாற்றினால் அதிலிருந்து இறைத்துப் பயிரைக் காப்பாற்றலாம். வரப்பால் அது முடியாது. ஆனால் நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானாலே அந்தக் குட்டையில் 500 லிட்டர் போய்விடும். மணற்பாங்கான நிலத்தில் அடி வழியாகவும் கசியும். தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டலைப் பிடிக்கச் சிறு குழி வெட்டாதவர்கள், சில ஆண்டுகளில் குட்டையையே தூர்வார வேண்டியிருக்கும்.

வரப்புக்குச் செலவு குறைவு, கவனம் அதிகம். இரண்டு கழிகளை மேலே சேர்த்து, குறுக்கே ஒரு கட்டை பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். இந்தச் சட்டத்தை நிலத்தில் நகர்த்திக்கொண்டே போய், நூல் கட்டையின் நடுக்குறியைத் தொடும் இடமெல்லாம் கழிகளின் அடியில் முளை அடித்தால் சமஉயரக் கோடு கிடைக்கும். கண்மதிப்பில் போட்ட வரப்பைத் தண்ணீர் தாழ்ந்த இடம் பார்த்து உடைத்துவிடும்.

லேசான சரிவுள்ள செம்மண் நிலமென்றால் நான் முதலில் வரப்பைத்தான் போடுவேன். மேல்மண்ணும் தங்கும், பின்னால் வெட்டும் குட்டைக்கு வண்டலும் குறையும். ஆழமான கரிசலில் மட்டும் வேண்டாம்: கோடையில் வரப்பு வெடிக்கும், மழையில் பயிர் நீரில் நிற்கும். அங்கே குட்டைதான்.