சிமென்டா, எபாக்ஸியா, பாக்டீரியாவா? வாயுக் கிணற்றுக் கசிவை எதனால் அடைப்பது

மதுரையில் போர்வெல் போடும்போது பாறை தட்டும் வரைதான் கேசிங் பைப் இறக்குவார்கள். பைப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை யாரும் கண்டுகொள்வதில்லை. சாக்கடைத் தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கிவிடும். நிலத்தடி வாயுக் கிடங்குகளிலும் கசிவுக்குப் பழகிய பாதை குழாயின் வெளிப்பக்கம்தான். திசை மட்டும் கீழிருந்து மேலே.

இந்தக் கிடங்குகள் பெரும்பாலும் காலியான பழைய எண்ணெய், எரிவாயு வயல்கள். குளிர்நாடுகளில் கோடையில் வாயுவை உள்ளே அழுத்தி, குளிர்காலத்தில் எடுப்பார்கள். எஃகுக் குழாயைச் சுற்றிச் சிமென்ட் உண்டு. ஆனால் வருடா வருடம் அழுத்தம் ஏறி இறங்கும்போது குழாயும் விரிந்து சுருங்கும். சிமென்ட் அதை விட்டு மயிரிழை விலகினால் போதும், வாயு கிளம்பிவிடும்.

குழாயே உடைந்து பீறிடுவது வேறு கதை. கலிபோர்னியாவின் அலிசோ கேன்யனில் 2015 அக்டோபரில், 1953-ல் தோண்டிய கிணறு ஒன்று அப்படி உடைந்தது. நிலத்தடி நீர் பட்டு, வெளிப்பக்கத்திலிருந்து குழாய் அரித்திருந்தது. மேலிருந்து கனமான சேற்றுக் கலவையை ஊற்றி அடக்கும் முயற்சி ஏழு முறை தோற்றது. பக்கத்தில் இன்னொரு கிணறு தோண்டி அடியில் போய்ப் பிடித்த பிறகுதான், 2016 பிப்ரவரியில் நின்றது. அதற்குள் வெளியேறிய மீத்தேன் சுமார் 97,000 டன். அந்த நிலைமையில் தலைப்பில் உள்ள மூன்றும் ஆகாது.

சரி, மயிரிழைக் கசிவுக்கு வருவோம். சிமென்ட் மலிவு, எல்லாருக்கும் கை பழகியது. விரல் நுழையும் இடைவெளி என்றால் யோசிக்கவே வேண்டாம். ஆனால் சாதாரண சிமென்டில் 50 மைக்ரானைத் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய துகள்களும் உண்டு. இடுக்கின் வாயிலேயே அவை சிக்கிக்கொள்ள, தண்ணீர் மட்டும் உள்ளே போகும். இன்னும் பொடியாக அரைத்த நுண்சிமென்டும் ஓரளவுக்குத்தான் உதவும்.

எபாக்ஸி என்பது கலந்து ஊற்றினால் கெட்டியாகும் பிசின், அதில் துகளே இல்லை. எஃகை இறுகப் பிடிக்கும், கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். விலைதான் பல மடங்கு. அதோடு, கிணற்றின் சூட்டைக் கணக்கிட்டுக் கலக்காவிட்டால் போகும் வழியிலேயே கெட்டியாகிவிடும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. ஸ்போரோசார்சினா பாஸ்டியூரி என்ற மண் பாக்டீரியா யூரியாவைச் சிதைக்கும். நம் வயலில் போடும் அதே யூரியாதான். கூடவே கால்சியம் குளோரைடு கொடுத்தால் சுண்ணாம்புக்கல் படிந்து இடுக்கு மூடும். கரைசல் தண்ணீர் போல ஓடுவதால் சிமென்ட் எட்டாத இடமும் அதற்கு எட்டும். அமெரிக்காவின் அலபாமாவில் 2014-ல், சுமார் 340 மீட்டர் ஆழத்தில், பிளந்த மணற்பாறையை இப்படி அடைத்துக் காட்டினார்கள். ஒரே மூச்சில் முடியாது, தவணை தவணையாகச் செலுத்த வேண்டும். யூரியா சிதைவதில் மிஞ்சும் அம்மோனியத்தையும் கவனிக்க வேண்டும்.

இதை நம் பக்கம் கொண்டுவந்தால் சூடுதான் சிக்கல். மதுரை கடினப்பாறை பூமி, இங்கே வாயு இல்லை. கிழக்கே ராமநாதபுரத்தில் இருக்கிறது, வழுதூர் மின் நிலையம் அதில்தான் ஓடுகிறது. அவை உற்பத்திக் கிணறுகள், கிடங்கு அல்ல. ஆனாலும் குழாய், சிமென்ட் சமாச்சாரம் ஒன்றுதான். ஆழத்தில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி சூடு ஏறும் என்பது பொதுக் கணக்கு. மேலேயே 28 டிகிரி இருக்கும் ஊரில் ஒரு கிலோமீட்டர் இறங்கினாலே 50-ஐத் தாண்டிவிடும். 30 டிகிரியில் சுகமாக வேலை செய்யும் இந்த பாக்டீரியாவுக்கு அது தாங்காது. ஆகவே முதல் சில நூறு மீட்டருக்கு பாக்டீரியாவை விடலாம். அதற்குக் கீழே, செலவானாலும் எபாக்ஸியைத்தான் எடுப்பேன்.