ஹீட்டிங் பேடு: ஒருபக்க முதுகுவலிக்கு வாங்கலாமா?

இடுப்பில் சுற்றிக் கட்டும் மின்சார ஹீட்டிங் பேடு, தசைப்பிடிப்புக்கு நல்ல சாதனம்தான். திடீரென்று வரும் இடுப்புவலிக்கு மாத்திரைக்கு முன் சூட்டு ஒத்தடம் போன்றவற்றை முயலலாம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. ஆனால் வலி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகக் கல்லின் வலியும் சூட்டுக்குக் கொஞ்சம் அடங்கும். அதனால் 'ஒத்தடம் கொடுத்ததும் குறைந்தது, அப்படியானால் வெறும் பிடிப்புதான்' என்று முடிவுகட்ட முடியாது.

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே இருபுறமும் உள்ள தசை, குனிந்து பளு தூக்கும்போதும் ஒருக்களித்து உட்காரும்போதும் இழுத்துக்கொள்ளும். இந்த இடத்தில்தான் பேடு தன் வேலையைக் காட்டுகிறது. திரும்பினால் வலி கூடுகிறது, அசையாமல் படுத்தால் குறைகிறது, விரலால் அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சுரீரென்கிறது என்றால் பெரும்பாலும் தசைதான். மெல்லிய துண்டு ஒன்றை மடித்துப் போட்டு, அதன்மேல் பேடை வைத்து, நடுத்தரச் சூட்டில் 15 முதல் 20 நிமிடம் போதும். முதுகுக்கு அடியில் வைத்து மல்லாந்து படுக்கக் கூடாது. உடல் எடையில் சூடு வெளியேற வழியில்லாமல் ஓரிடத்தில் தேங்கிவிடும். குப்புறவோ பக்கவாட்டிலோ படுத்து, மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஒத்தடம் முடிந்ததும் மெதுவாக நடப்பதும் அதே அளவு முக்கியம். நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் தசை இன்னும் இறுகும்.

தானாக அணையும் டைமர் இல்லாத பேடை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். 44 டிகிரி செல்சியஸ் என்பது கையில் பட்டால் இதமாகத்தான் தெரியும். அதே சூடு ஆறு மணி நேரம் தோலில் படிந்திருந்தால் புண்ணாகும். அதற்குமேல் ஏறக்குறைய 51 டிகிரி வரை, ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த நேரம் சுமார் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். போட்டுக்கொண்டு தூங்கிவிடுவதால்தான் பல தீக்காயங்கள் வருகின்றன. தினமும் ஒரே இடத்தில் வைத்தால் தோலில் வலைபோலப் பழுப்புத் தடம் விழும். அது தெரிந்தால் அந்த இடத்துக்கு ஒத்தடத்தை நிறுத்திவிடுங்கள். வலிநிவாரணக் களிம்பு தடவிய தோலில் பேடு வேண்டாம். வலிக்கு மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குறிப்பாக ஃபென்டனில் என்ற வீரியமான வலிமருந்துள்ள பட்டையில் சூடு பட்டால் மருந்து வேகமாக உடம்பில் ஏறும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இந்தச் சாதனமே பொருந்தாது, சுடுவது தெரியாமலே வெந்துவிடும். அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் ஐஸ்தான்.

பேடு எட்டாத வலிகளும் இருக்கின்றன. விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடை இடுக்குக்கு இறங்கி, அலையலையாக வந்து, எப்படிப் படுத்தாலும் இருப்புக்கொள்ளாமல் செய்தால் கல்லாக இருக்கலாம். சிறுநீரில் ரத்தமும் குமட்டலும் சேரலாம். அதோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அடைப்புக்குப் பின்னால் தொற்று இருக்கலாம், அன்றே மருத்துவமனை போக வேண்டும். புட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே ஓடி, தும்மினால் மின்னலாய் வெட்டுவது, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் அழுத்தும் நரம்பு. சூடு சுற்றியுள்ள தசையைத் தளர்த்துமே தவிர நரம்பை விடுவிக்காது. ஒரு பக்கமாகப் பட்டைபோல எரிந்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அக்கி. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் நல்ல பலன். கொழுப்பான சாப்பாட்டுக்குப் பின் வலது தோள்பட்டை எலும்பின் கீழ் வருவது பித்தப்பையாக இருக்கலாம். மூச்சை இழுத்தால் குத்துகிறதா? நுரையீரலைப் பார்க்க வேண்டும்.

சிறுநீர் கழிக்க முடியாமல் போவது, இருக்கை படும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது, புகைப்பழக்கமுள்ள முதியவருக்குத் திடீரென்று வயிறும் முதுகும் பிளப்பதுபோல் வலிப்பது, மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்றோடு சேர்ந்த வலி: இவற்றுக்கு ஒத்தடம் வைத்துப் பார்க்கும் அவகாசமே இல்லை.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியவை: சுமார் 30க்கு 60 செ.மீ. அளவு, கழற்றித் துவைக்கும் உறை, நீளமான வயர். பழுது பெரும்பாலும் வயர் பேடுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியில்தான் வரும். அதைப் பிடித்துத் தூக்காதீர்கள். மடித்து வைத்தால் உள்ளே கம்பி முறியும், சுருட்டியே வையுங்கள். பேடின் ஒரு பகுதி மட்டும் அதிகமாகச் சுட்டாலோ கருகல் வாடை வந்தாலோ தையல் போட்டுச் சரிசெய்யப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிடுங்கள்.