மனநல முதலுதவிப் பயிற்சி: சேரலாம், ஆனால் கேட்டுவிட்டுச் சேருங்கள்

மனநல முதலுதவிப் பயிற்சியில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு: சேரலாம், பாதி வகுப்புக்காக. மனச்சோர்வு, பதற்றம், சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நம்புவது போல நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) என்று அறிகுறிகளை ஒப்பிக்கும் பகுதியை வீட்டிலேயே படித்துக்கொள்ள முடியும். இன்னொரு பாதியில்தான் எதிரில் ஆளை உட்கார வைத்து வாயைத் திறந்து பேசிப் பழக்குகிறார்கள், காசு அதற்குத்தான்.

இது 2000இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் அவர் கணவர் ஆண்டனி ஜோர்மும் தொடங்கியது. அடிபட்டவரை மருத்துவர் வரும்வரை பார்த்துக்கொள்ள யாருக்கு வேண்டுமானாலும் சொல்லித்தருகிறோமே, மனசு நொறுங்கிப்போனவரைப் பார்த்துக்கொள்ள ஏன் சொல்லித்தருவதில்லை என்ற கேள்விதான் அடிப்படை. நியாயமான கேள்வி.

நான் போன வகுப்பில் எனக்குப் பிடித்தது நடித்துப் பார்க்கும் பயிற்சி. ஒருவர் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதுமே "எல்லாம் சரியாயிடும்", "கொஞ்சம் வெளியே போய்ட்டு வா" என்று நம் வாயில் தானாக வந்துவிடுகிறது, பயிற்சியாளர் அங்கேயே நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார். அதைவிடக் கடினம், "தற்கொலை எண்ணம் வருகிறதா?" என்று நேராகக் கேட்பது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள், ஆனால் ஆய்வுகளில் அதற்கு ஆதாரம் இல்லை. "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லையே" என்றுதான் பதில் வரும், கேட்டவரும் நிம்மதியாக எழுந்து போய்விடுவார். இந்த ஒரு கேள்வியைத் தடுமாறாமல் கேட்கப் பழகினாலே கட்டணம் வீண் இல்லை.

இனி குறைகள். மனநலப் பிரச்சினைகளில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்று 2005இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று சொல்கிறது. எங்கள் வகுப்பிலோ உதாரணம் எல்லாம் அலுவலகம் போகிறவர்கள்தான்! இளைஞர்களுக்கு உதவுவோருக்கென்று தனிப் பாடமே இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அப்புறம், "நிபுணரிடம் போகச் சொல்லுங்கள்" என்ற கட்டம். போகச் சொல்லிவிட்டோம், சரி, நிபுணரைப் பார்க்க நேரம் கிடைக்கும்வரை என்ன செய்வது, அவர் போக மறுத்தால் என்ன செய்வது? சைக்கோசிஸில் சிகிச்சை தள்ளிப்போகப் போக மீள்வது கடினமாகிறது என்பதால்தான் ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்கிறார்கள், ஆனால் வகுப்பில் இந்தக் கட்டத்தை இரண்டே ஸ்லைடில் ஓட்டிவிட்டார்கள். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய 'நட்பு பெஞ்ச்' திட்டத்தில் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் அதே ஆளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, ஒரு பிரச்சினையை எடுத்து வழி தேட உதவுகிறார்கள். 2016இல் வெளியான ஆய்வில் அப்படி உதவி பெற்றவர்களின் அறிகுறிகள் ஆறு மாதம் கழித்தும் குறைவாக இருந்தன. மனநல முதலுதவியிலோ, பயிற்சி எடுத்தவருக்கு அறிவும் தைரியமும் கூடுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, உதவி பெற்றவருக்கு எவ்வளவு பயன் என்று பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2023 மதிப்பாய்வால்கூட முடிவுக்கு வர முடியவில்லை.

ஆசிரியர்கள், விடுதிக் காப்பாளர்கள், ஆட்களை மேய்க்கும் வேலையில் இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். உங்களுக்கே இப்போது மனசு சரியில்லை என்றால் இது அதற்கான இடம் இல்லை, நேராக மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். பணம் கட்டும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள்: எந்த வயதினருக்கான பாடம், நடித்துப் பழக எவ்வளவு நேரம். இரண்டாவதுக்கு மழுப்பினால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.