இறக்கத்தில்தான் தெரியும்: எல்.என்.106 ஹைலக்ஸ் மலையகத்தில் நீண்ட கால ஓட்டத்தில்

டொயோட்டா ஹைலக்ஸ் எல்.என்.106 டபள் கெப். 2779 சிசி 3எல் டீசல் எஞ்சின், டேர்போ கிடையாது. முன்னாலும் பின்னாலும் முழு எக்ஸல், நான்கு பக்கமும் ஸ்பிரிங் தகடு. 1988இல் அறிமுகமான ஐந்தாம் தலைமுறையைச் சேர்ந்த இந்த வண்டி இன்னமும் ஹட்டன், தலவாக்கலை, கந்தப்பளை, வெலிமடை பக்கத்துத் தோட்ட ரோடுகளில் கொழுந்தும் மரக்கறியும் உரமும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபோது இதன் மதிப்பு இன்னும் ஏறியது. வாங்கியவர்களில் அநேகமானோர் முதலில் செய்வது வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போடுவதுதான். பணம் முதலில் போக வேண்டிய இடம் பிரேக், முன் எக்ஸல், கூலிங். இந்த வண்டிக்கு ஏற்றம் ஒரு பெரிய விஷயமே இல்லை, லோ கியர் போட்டால் எதிலும் ஏறும். தேய்வதும் உடைவதும் இறக்கத்தில்தான்.

பிரேக்கிலிருந்து தொடங்குவோம். கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பிரேக் பூஸ்டர் வேலை செய்வது வெளிக் காற்றழுத்தத்துக்கும் உள்ளே இருக்கிற வெற்றிடத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில். ஆகவே கொழும்பில் நன்றாகப் பிடித்த பெடல் மேலே வந்ததும் கொஞ்சம் கல்லாகத் தெரிவது இயற்கை. அதற்கு மேலும் கனத்தால் அல்டனேட்டரின் முதுகில் இருக்கிற வெக்கியூம் பம்பைப் பாருங்கள். அதற்கு எஞ்சின் ஒயில் போகிற குழாயும் திரும்பி வருகிற குழாயும் காய்ந்து வெடித்திருக்கும். அல்டனேட்டரைச் சுற்றி ஒயில் பூத்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டு ரப்பர் குழாய் மாற்ற வேண்டிய வேலைக்குப் பூஸ்டரையே மாற்றிவிட்டுப் பெடல் அப்படியே இருக்கிறது என்று வருந்துகிறவர்கள் உண்டு.

பின் டிரம்மில் தனியாக ஒரு நோய் இருக்கிறது. டிரம்மை உட்பக்கம் மூடுகிற தட்டுக்கு வெளியே, ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து சேருகிற சிறிய வளைந்த நெம்பு சேறும் தண்ணீரும் பட்டு இறுகிப்போகும். அது இறுகினால் ஹேண்ட் பிரேக் பிடிக்காது என்பதோடு முடிவதில்லை. லைனர் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்கிற அட்ஜஸ்டரும் நின்றுவிடும். பெடல் நீளமாகப் போகும், பின் சக்கரம் வேலை செய்யாது, முழுப் பாரமும் முன் டிஸ்க்கில் விழும். ரம்பொடை வளைவுகளில் இறங்கும்போது முன் சக்கரத்திலிருந்து வருகிற எரிந்த வாசத்துக்குப் பாதிக் காரணம் பின்னால் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவை அந்த நெம்பைக் கழற்றி, அது சுழல்கிற அச்சு ஊசியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கிறீஸ் வைத்து, ரப்பர் மூடியைப் புதிதாகப் போட்டால் போதும். ஒரு பின்னேர வேலை.

பிரேக் ஒயில் ஈரத்தை இழுக்கும். டொட் 3 புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்க வேண்டும். ஈரம் இழுத்த பிறகுக்கான தரம் 140 பாகைதான். வட்டவளை, கினிகத்தேனை மாதிரி மழை விடாத இடங்களில் இரண்டு வருடம் அப்படியே விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை முழுவதையும் இறக்கி டொட் 4 போடுவது நல்லது. அதன் தர அளவு புதிதாக 230 பாகை, ஈரம் இழுத்த பிறகு 155.

இறங்கும்போது எஞ்சின் பிடிக்கும் என்று முழுதாக நம்ப முடியாது. டீசலில் காற்று வழியை அடைக்கிற தட்டு இல்லாததால் காலை எடுத்தாலும் நினைத்த அளவுக்கு இழுத்துப் பிடிக்காது. ஏறுகிற கியரை விட ஒன்று குறைத்து இறங்குவதே கணக்கு. முன் சக்கரத்தை எக்ஸலோடு இணைக்கவும் பிரிக்கவும் கையால் திருப்புகிற ஃப்ரீ வீல் ஹப் உள்ள வண்டிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஹப்பை ‘ஃப்ரீ’யில் விட்டுவிட்டு டிரான்ஸ்பர் கியரை ‘எல் 4’இல் (நான்கு சக்கர லோ) போட்டால் பின் சக்கரத்துக்கு மட்டும் லோ கிடைக்கும். காய்ந்த தார் ரோட்டில் பாரத்தோடு செங்குத்தாக இறங்க இது அருமையானது. ஈர ரோட்டில் வெறும் வண்டியோடு செய்தால் பின் சக்கரம் வழுக்கும். இதே நிலையில் பாரத்தோடு ஏறவும் கூடாது. அவ்வளவு முறுக்கும் பின் எக்ஸலில் மட்டுமே இறங்கும்.

இனி முன் எக்ஸல். 50, 60 கி.மீ. வேகத்தில் ஒரு குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் ஆடத் தொடங்குகிறதா? பலர் ஸ்டியரிங் டெம்பரை மாற்றுவார்கள். ஆட்டம் சில மாதம் அடங்கும், நோய் உள்ளேயே இருக்கும். டயர் பெலன்ஸும் டை ரொட் முனைகளும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் முன் சக்கரம் இடம் வலம் திரும்புகிற கிங் பின் பெயரிங்கின் இறுக்கம் போய்விட்டது என்பதே. எக்ஸல் முனையில் சக்கரத்தைத் திருப்புகிற நக்கிளின் உருண்டையில் கிறீஸுக்குப் பதிலாகக் கறுத்த தண்ணி மாதிரி ஒழுகினால் உள் சீல் போய், டிப்ரன்ஷல் ஒயில் வந்து கிறீஸைக் கரைத்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடுவதே சிக்கனம், ஏனென்றால் கழற்றுகிற வேலை ஒன்றுதான்.

இரண்டு பக்கத்துக்கும் தேவையானவை: கிங் பின் பெயரிங் 4, உள் எக்ஸல் சீல் 2, உருண்டையைத் துடைக்கிற ஃபெல்ட்டும் ரப்பரும் அடங்கிய செட் 2, ஹப் சீல் 2, வீல் பெயரிங் உள்ளும் வெளியும் சேர்த்து 4, மடக்கு வொஷர் 2, ஸ்பிண்டில் கஸ்கட்கள், மொலிப்டினம் கலந்த கிறீஸ் ஏறக்குறைய 2 கிலோ. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். பெயரிங்கில் நல்ல ஜப்பான் பெயர் உள்ள எதையும் எடுக்கலாம். சீலில் மட்டும் விலை பார்க்காதீர்கள். மலிவான சீலின் உதடு சில மாதத்தில் கல்லாகிவிட்டால் மறுபடியும் முழுவதையும் கழற்ற வேண்டும்.

கழற்றும்போது ஹப்பின் கூம்பு வொஷர்களைத் திருப்புளியால் நெம்பாமல், பொல்ட் தலைப் பக்கத்தில் பித்தளைத் துண்டை வைத்துத் தட்டினால் தாமாகத் துள்ளி வரும். பெயரிங் நட்டுக்கு 54 மி.மீ. பொக்ஸ் வேண்டும். உளியால் அடித்துத் திருப்பிய நட்டுகளோடுதான் பாதி வண்டிகள் ஓடுகின்றன. அப்படித் திருப்பியதில் இறுக்கம் சரியாக இருக்கவே முடியாது. கலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். கிங் பின் பெயரிங்கின் மேல், கீழ் ஷிம்களை (இறுக்கத்தைச் சரிசெய்கிற மெல்லிய தகடுகள்) கலக்காமல் தனித்தனியாக வையுங்கள். சி.வி. ஜொயின்டைக் கழுவி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குண்டு ஓடுகிற பள்ளத்தில் தழும்பு இருந்தாலோ, ஸ்டியரிங்கை முழு வெட்டில், அதாவது கடைசி வரை திருப்பும்போது, டக் டக் என்ற சத்தம் முன்பே வந்திருந்தாலோ, திரும்பப் போடுவது வீண்.

பூட்டும்போது ஷாஃப்டும் சீலும் போடுவதற்கு முன்பாகவே கிங் பின் இறுக்கத்தை அளக்க வேண்டும். நக்கிளிலுள்ள ஸ்டியரிங் கையின் (ஆர்ம்) நுனியில் தராசுக் கொக்கியை மாட்டி இழுத்தால் 3 முதல் 6 கிலோவுக்குள் நகரத் தொடங்க வேண்டும். லேசாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுங்கள். நக்கிள் கையின் நட்டுகளுக்கு 96 நியூட்டன் மீற்றர். இந்த நான்கு ஸ்டட்களும் பெரிய டயர் போட்ட வண்டிகளில் தளரும், தளர்ந்தது தெரியாமல் ஓடினால் உடையும். 1000 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை மறுபடியும் இறுக்கிப் பார்ப்பது கட்டாயம். வீல் பெயரிங் நட்டை 60 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கி, ஹப்பை இரு பக்கமும் பல சுற்று சுற்றி, தளர்த்தி, மெதுவாகத் திரும்ப இறுக்குங்கள். வீல் பொல்ட்டில் தராசை மாட்டி இழுக்கும்போது 2.8 முதல் 5.6 கிலோவுக்குள் வந்தால் சரி. லொக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடியும் அளந்து பாருங்கள், அது கொஞ்சம் கூட்டிவிடும்.

ஷாஃப்டை உள்ளே தள்ளும்போது கையால் தாங்கிக்கொள்ளுங்கள். பல்லுகள் புதிய சீலின் உதட்டில் உரசினால் அன்றைக்கே சீல் போய்விடும். நக்கிளுக்குள் முக்கால் பாகம் கிறீஸ் போதும். கடைசியாக டிப்ரன்ஷலின் மூச்சுக் குழாய். அது சேற்றால் அடைபட்டால் சூடான ஒயிலின் அழுத்தம் சீல் வழியாகத்தான் வெளியேறும். சூடான எக்ஸலோடு ஓடையில் இறங்கினால் உள்ளே தண்ணீரையும் இழுக்கும், ஒயில் பால்தேத்தண்ணி நிறமாகும். இரண்டு எக்ஸலுக்கும் சில மீற்றர் ஹோஸ் போட்டு எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோனால் இந்தக் கவலை தீரும். இந்த வண்டிக்குச் செய்கிற மாற்றங்களில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் இதுவே.

உயர்த்துவது பற்றி. 50 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதையும் நல்ல ஸ்பிரிங் தகடால் செய்யுங்கள், ஸ்பிரிங்கைச் செசியோடு இணைக்கிற ஷெக்கிளை நீளமாக்கி அல்ல. நீண்ட ஷெக்கிள் முன் எக்ஸலைச் சாய்த்து, ஸ்டியரிங்கைத் தானாக நேராக்குகிற காஸ்டர் கோணத்தையே மாற்றிவிடும். கொண்டை ஊசி வளைவு அடுத்தடுத்து வருகிற ரோட்டில் இது ஆபத்து. உயர்த்தினால் பிரேக் ஹோஸ்களையும் நீளமாக்க வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பின் எக்ஸலுக்கு மேலே, பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கிற வால்வு ஒன்று இருக்கிறது. போடி எவ்வளவு தாழ்கிறது என்பதை வைத்துத்தான் அது பாரத்தை அறிகிறது. வண்டியை உயர்த்தினால் எப்போதும் வெறும் வண்டி என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உயர்த்திய அளவுக்கே அதன் கம்பி பிடிக்கிற இடத்தையும் உயர்த்துங்கள். ஆயிரம் கிலோ உருளைக்கிழங்கோடு இறங்குகிற வண்டிக்கு இது உயிர் விஷயம்.

டயரில் எங்கள் பக்கம் ஒல்லியான டயர்தான். 205ஆர்16 அளவு 735 மி.மீ. உயரம். 31 அங்குல டயர் 787. ஏழு வீதம் கியர் கூடியது போல ஆகும், ஸ்பீடோமீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 64. அதே ஏழு வீதம் இறக்கத்தில் எஞ்சின் பிடிப்பிலும் குறையும். 7.50-16 உயரத்தில் அதைவிடச் சற்றுக் கூடினாலும் அகலம் குறைவு. மேற்சேற்றை வெட்டி அடியிலுள்ள கல்லைப் பிடிக்கும், தோட்டத்து ரோட்டின் தடத்துக்குள்ளும் அடங்கும். முழு வெட்டில் ஸ்பிரிங்கில் உரசினால் நக்கிளிலுள்ள நிறுத்துப் பொல்ட்டைச் சரிசெய்யலாம், ஆனால் அதனால் சக்கரம் திரும்புகிற அளவு குறையும், ஒவ்வொரு அரைச் சுற்றும் வளைவில் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

எஞ்சினில் பயப்பட வேண்டியது ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) ஒன்றுதான். எல் வரிசை ஹெட் சூட்டைப் பொறுக்காது, ஒரு தடவை நன்றாகக் கொதித்தால் வால்வுகளுக்கு நடுவே வெடிக்கும். ரேடியேட்டர் மூடியை மாற்றுவதைச் சில்லறை வேலை என்று நினைக்காதீர்கள். மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். தெர்மொஸ்டட்டைக் கழற்றி எறிவது இங்கே பரவலான வழக்கம். குளிர்ந்த காலையில் எஞ்சின் சூடேறாமல் வெள்ளைப் புகையும் தேய்மானமும் கூடும் என்பதால் அதைச் செய்யவே கூடாது. காலையில் குளிர்ந்த எஞ்சினை இயக்கியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் உடனே கல்லாக இறுகினால் ஹெட்டைக் கழற்றி அழுத்தம் போட்டுச் சோதியுங்கள். திரும்பப் பூட்டும்போது ஹெட் பொல்ட்களை நடுவிலிருந்து வெளியே, 78 நியூட்டன் மீற்றர், பிறகு 90 பாகை, மறுபடியும் 90 பாகை. இந்த எஞ்சினுக்கு டேர்போ சேர்ப்பதை நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. காரணம் இந்த ஹெட்தான்.

டைமிங் பெல்ட்டுக்கு 100,000 கி.மீ. என்று சொல்வார்கள். சமவெளியில் மணிக்கு 50 கி.மீ. போனால் அது 2000 மணித்தியாலம். தோட்ட ரோட்டில் சராசரி 20 தான், அதே 2000 மணித்தியாலம் 40,000 கி.மீ.யில் முடிந்துவிடும். அறுந்தால் பிஸ்டன் வால்வை அடிக்கும். 40,000க்கு மேல் விடாமல் டென்ஷனரோடு சேர்த்து மாற்றுங்கள்.

புகைப் பரிசோதனைக்கு முன் டீசல் பம்பைக் குறைக்க ஓடாதீர்கள். முதலில் எயார் பில்டர், பிறகு நொசல், பிறகு வால்வு இடைவெளி. உயரத்தில் காற்று குறைவதால் கீழே சுத்தமாக ஓடிய வண்டியும் மேலே கறுப்புப் புகை விடும். நொசல் கழற்றினால் அடியிலுள்ள வொஷர்கள் ஒவ்வொரு தடவையும் புதிதாக வேண்டும்.

உரம் ஏற்றுகிறவர்கள் வண்டியின் பாரம் ஏற்றுகிற தட்டைக் கவனியுங்கள். அமோனியம் சல்பேட் ஈரத்தோடு சேர்ந்தால் தகரத்தை உள்ளிருந்தே தின்றுவிடும். துரு முதலில் வருகிற இடங்கள் தட்டின் முன் மூலைகள், தட்டைத் தாங்குகிற குறுக்குச் சட்டங்கள், பின் ஸ்பிரிங் தொங்குகிற இடத்துச் செசி. உரம் இறக்கிய அன்றே கழுவி, செசியின் ஓட்டைகள் வழியாகவும் தண்ணீர் பீய்ச்சி, கீழே வருகிற தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். காய்ந்த பிறகு ரப்பர் விரிப்பைத் திரும்பப் போடலாம், ஈரத்தோடு போட வேண்டாம்.