நாலு சிம், ஒரு படம்: கொடையிலும் தேரிலும் பாண்டிங் என்கோடர்

கோயில் கொடை, தேரோட்டம், சர்ச் திருவிழா, கல்யாணம் என்று திருநெல்வேலியைச் சுற்றி லைவ் செய்து கொடுப்பது எங்கள் தொழில். கேமராப் படத்தைச் சுருக்கி, பல சிம்களின் வழியே பிரித்து அனுப்பும் பாண்டிங் என்கோடர் ஒன்றைப் பையில் வைத்திருக்கிறோம். இதே வேலையில் இருக்கும் தம்பிகள் அந்தப் பையைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: "நாலு சிம் போட்டா ஸ்பீடு நாலு மடங்கு ஆகுமாண்ணே?" ஸ்பீடு ஓரளவு கூடும். ஆனால் ஸ்பீடுக்காக இதை வாங்காதீர்கள். படம் அறாமல் இருக்கத்தான் இது. இரவு முழுக்க நன்றாக ஓடி, சாமி வந்து ஆடும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் வட்டம் சுற்றினால் அந்த லைவால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தை நம்பி ஒப்படைக்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் சில வருடங்களாக இந்தக் கருவியை எடைபோடுகிறேன். முடிகிறது, சில நிபந்தனைகளோடு.

எங்களிடம் இருப்பது பெலாபாக்ஸ் மென்பொருள் ஏற்றிய ஆரஞ்சு பை 5 பிளஸ் என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டு. எச்டிஎம்ஐ உள்ளீடு போர்டிலேயே இருப்பதால் கேமராவை நேராகச் செருகலாம். வீடியோவை எச்.265 முறையில் சுருக்குவதை அதன் சிப்பே செய்கிறது. பக்கத்தில் நாலு யூஎஸ்பி மோடம், ஒரு வி-மவுண்ட் கேமரா பேட்டரி. எல்லாம் ஒரு முதுகுப்பையில் அடக்கம். டிவி சேனல்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு வரும் லைவ்யூ, டிவியூ யூனிட்டுகளும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கின்றன. அவை லட்சக்கணக்கில் போகும். கொடை லைவுக்கு வரும் கூலியில் அது கட்டாது.

வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும் என்பது விளங்கும். முன்பெல்லாம் போனிலிருந்து நேராக யூடியூபுக்கு ஆர்டிஎம்பி என்ற நெறிமுறையில் அனுப்புவோம். அது, டேட்டாவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வரிசை மாறாமல் சேர்க்கும் டிசிபி-யின் மேல் ஓடுவது. நடுவில் ஒரு துண்டு தொலைந்தால், அது திரும்ப வரும்வரை பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். எஸ்ஆர்டி வேறு மாதிரி. ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட நெறிமுறை அது. ஒவ்வொரு துண்டுக்கும் எண் உண்டு. வராத எண்ணை மட்டும் எதிர்முனை கேட்டு வாங்கிக்கொள்ளும். குறிப்பிட்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால் விட்டுவிட்டு மேலே போகும். அந்தத் துண்டுகளை நாலு சிம்மிலும் பிரித்து அனுப்புவது எஸ்ஆர்டிஎல்ஏ. எந்த சிம்மில் துண்டு தொலைகிறதோ அதற்குப் பங்கைக் குறைக்கும், ஒழுங்காகப் போகிறதென்றால் கூட்டும். கிளவுடில் இருக்கும் சர்வர் எல்லாவற்றையும் வாங்கி எண் வரிசையில் அடுக்கிவிடும். எஸ்ஆர்டி-யிலேயே பாண்டிங் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரே படத்தை எல்லா வழியிலும் அனுப்பலாம், அல்லது ஒரு வழி விழுந்தால் மற்றதற்குத் தாவலாம். வழிகளின் கொள்ளளவைக் கூட்டிச் சேர்ப்பது எஸ்ஆர்டிஎல்ஏ-தான்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு ஊரில் சுடலைமாடன் கொடை. ஊரில் பாதிப்பேர் மும்பையிலும் வளைகுடாவிலும். லைவ் அவர்களுக்காகத்தான். கோயில் ஊருக்குக் கிழக்கே, பனவிளை ஓரத்தில். சாமக்கொடை நேரம், சாமியாடி சல்லடமும் கச்சையும் கட்டி, வல்லயம் பிடித்துப் பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்புகிறார். கேமராக்காரரும் பையோடு பின்னால் போகிறார். நான் மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் நின்று போனில் மோடம் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோயில் வாசலில் முதல் சிம் 1,800 கேபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிலோபிட்), இரண்டாவது 900, மூன்றாவது 400, நாலாவது கிட்டத்தட்ட சும்மா. பனைக்கூட்டத்தைத் தாண்டித் திரும்பியதும் முதல் சிம் பொசுக்கென்று 200-க்கு விழுந்தது. அதுவரை சும்மா கிடந்த நாலாவது, வேறு திசையில் உள்ள டவரைப் பிடித்து 1,100-க்கு ஏறியது. படத்தின் பிட்ரேட், அதாவது நொடிக்குப் போகும் டேட்டா அளவு, 3,000-இலிருந்து 1,600 ஆனது. கூர்மை கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். பந்தத்தின் வெளிச்சமும் மேளமும் தொடர்ந்து போய்க்கொண்டே இருந்தன. ஊர் எல்லையில் கேமரா நின்றுவிடும், அதற்கு மேல் யாரும் பின்னால் போவதில்லை என்பது ஊர்க் கட்டுப்பாடு. அந்த நேரம் மும்பையிலிருந்து ஒரு ஆச்சி பேரனுக்குப் போன் போட்டு, "எய்யா, சாமி எல்லை தாண்டிட்டாரா? எனக்கு இன்னும் மேளந்தான் கேக்கு" என்றார்கள். மேளம் கேட்டதே எனக்குப் போதும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. படம் மங்கினால் யாரும் கோபிப்பதில்லை. வில்லுப்பாட்டில் குடத்தின் அடி விட்டுவிட்டுக் கேட்டால் உடனே போன் வரும். மைக்செட் அண்ணாச்சியின் மிக்சரிலிருந்து ஒரு லைன் வாங்கிக் கேமராவில் கொடுத்துவிடுகிறோம். ஒலிக்கு 128 கேபிபிஎஸ் எப்போதும் ஒதுக்கியிருக்கும். படம் 500-க்கு இறங்கினாலும் அதில் கைவைப்பதில்லை.

இனி சிம் விஷயம். இங்கேதான் பலரும் காசை விடுகிறார்கள். ஒரே கம்பெனி சிம் நாலு வாங்கிச் செருகுவது ஒரே கிணற்றில் நாலு வாளி விடுவது. எல்லாம் ஒரே டவரில்தான் போய் நிற்கும். கம்பெனி மாற வேண்டும். அதுவும் முழுத் தீர்வு இல்லை. ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனி ஆன்டெனா தொங்குவதை நம் ஊரில் எங்கும் பார்க்கலாம். அதனால் போகிற ஊரில் பகலிலேயே ஒரு சுற்று சுற்றி, எந்தத் திசையில் யாருடைய டவர் என்று பார்த்துவைத்துக்கொள்கிறோம்.

அடுத்தது, டவுன்லோடு வேகத்தைக் கண்டு ஏமாறக் கூடாது. சிக்னல் ஓடும் அலைவரிசைத் தொகுதியைத்தான் பேண்ட் என்கிறோம். 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பேண்ட் 40 டிடிடி வகை. ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்து, பெரும்பங்கை டவுன்லோடுக்கும் சிறுபங்கை அப்லோடுக்கும் கொடுப்பார்கள். போனில் சினிமா பார்ப்பவருக்கு அது சரி, நமக்குச் சரிப்படாது. 1800-இல் ஓடும் பேண்ட் 3-இல் அப்லோடுக்கென்றே தனி வழி உண்டு. 850, 900 பேண்டுகள் வேகத்தில் குறைவு, ஆனால் பனை, மதில் தாண்டி எட்டும். பேண்ட் லாக் செய்ய முடிகிற மோடமாகப் பார்த்து வாங்கி, ஒன்றை 1800-இலும் ஒன்றைத் தாழ்ந்த பேண்டிலும் பூட்டிவைத்த பிறகு எங்கள் லைவ் நிதானப்பட்டது. கருவியை மாற்றியதைவிட இது செய்த மாற்றம் பெரிது.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். 3 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 1.35 ஜிபி. இரவு எட்டிலிருந்து விடிகாலை நாலு வரை கொடை ஓடினால் 11 ஜிபி அளவில் போகும். நாலு சிம்மும் சமமாகச் சுமக்காது. நல்ல சிம் ஒன்றே பாதியை இழுக்கும். தினம் 2 ஜிபி பிளான் போட்டிருந்தால் அந்த நல்ல சிம் மூன்று மணி நேரத்தில் தீர்ந்து 64 கேபிபிஎஸ்-க்கு வந்துவிடும். அதாவது பதினோரு மணிக்கு. பன்னிரண்டுக்குப் புதுக் கணக்கு தொடங்கும், ஆனால் சாமக்கொடைக்கு ஆயத்தமாகும் அந்த ஒரு மணி நேரம் போனது போனதுதான். மோடத்தில் சிக்னல் முழுசாகவே காட்டும், அதனால் காரணமும் பிடிபடாது. தினசரி வரம்பில்லாத டேட்டா பேக் மட்டும்தான் இப்போது போடுகிறோம்.

தாமதத்தைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். எஸ்ஆர்டி-யில் இயல்பாக வரும் தாமதம் 120 மில்லி செகண்ட். ஸ்டூடியோவுக்குள் அது போதும். மொபைல் டேட்டாவில், அதிலும் நாலு வழியில் போகும்போது, தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்க நேரம் கொடுத்தாக வேண்டும். நாங்கள் வைப்பது 2,500 மில்லி செகண்ட். மோசமான ஊரில் 4,000. யூடியூபே சாதாரண அமைப்பில் பத்து செகண்டுக்கு மேல் பின்தங்கித்தான் காட்டுகிறது. அதன் முன்னால் நம் இரண்டு செகண்டை யார் கவனிக்கப்போகிறார்கள்? ஸ்டூடியோவிலிருந்து கேள்வி கேட்டு இங்கிருந்து பதில் சொல்லும் நேரலைக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது.

கிளவுடில் இருக்கும் மறுபாதிக்கும் தகுந்த கவனம் வேண்டும். மொபைல் சிம்மில் நமக்கென்று பொது ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை. அதனால் கருவிதான் வெளியே கூப்பிட வேண்டும், சர்வர் பொது ஐபியோடு, எஸ்ஆர்டி வந்து சேரும் வாசலான யுடிபி போர்ட்டைத் திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும். மும்பையில் ஒரு மெய்நிகர் சர்வரை வேலை இருக்கும் நேரத்துக்கு மட்டும் எடுக்கிறோம். உள்ளே வரும் டேட்டாவுக்குப் பெரிய கிளவுடுகளில் கட்டணம் இல்லை, வெளியே போவதற்குத்தான். அங்கே ஓபிஎஸ் என்ற லைவ் மென்பொருள் ஓடும். எச்.265-இல் வருவதை அதற்கு முந்தைய சுருக்க முறையான எச்.264 ஆக்கி யூடியூபுக்கு அனுப்பும். வரும் பிட்ரேட் 400-க்குக் கீழே போனால் கோயில் முகப்புப் படமும் "சற்று நேரத்தில் தொடரும்" என்ற வரியும் தானாக வந்துவிடும், சிக்னல் திரும்பியதும் தானாகக் கேமராவுக்கு மாறிவிடும். யூடியூப் பக்கத்தில் லைவ் முடிவதே இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே லிங்க் கடைசிவரை ஓடும். புது லிங்க் அனுப்பும் அவதி தீர்ந்ததற்கு இதுவே காரணம்.

நெல்லையப்பர் ஆனித் தேரோட்டம்தான் இந்தக் கருவிக்கு மெய்யான பரீட்சை. காலை ஆறு மணிக்குக் கீழரத வீதியில் டெஸ்ட் செய்தால் நாலு சிம்மும் பிரமாதமாக ஓடும். சுவாமி தேர் நிலையை விட்டு அசைந்ததும் வீதி நிறையக் கை தூக்கிப் போன் பிடிக்கிறார்கள், எல்லாரும் அதே நேரத்தில் வீடியோ அனுப்புகிறார்கள். அப்லோடு ஒவ்வொரு கம்பெனியிலும் விழுகிறது. எத்தனை சிம் சேர்த்தாலும் இதற்கு மருந்தில்லை. அதனால் வீதியில் தெரிந்தவர் கடை மாடியில் இடம் கேட்டு, அவர்களுடைய ஃபைபர் இணைப்பை லேன் ஒயர் வழியாக ஐந்தாவது வழியாகச் சேர்த்துவிடுகிறோம். ஃபைபர் இருந்தால் பாண்டிங் எதற்கு என்று கேட்கலாம். தேர் வரும்போது கரண்டை நிறுத்துவார்கள், குறுக்கே போகும் ஒயர்களைத் தூக்குவார்கள், அவிழ்ப்பார்கள். தேர் நம் கண்முன் வரும் அந்த நேரம் பார்த்து ஃபைபர் போகும். அப்போது சிம்கள்தான் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கேபிபிஎஸ்-ஸில் படத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. இரண்டில் எது ஒன்றை மட்டும் நம்பியிருந்தாலும் அம்பாள் தேர் திரும்புவதைக் காட்டியிருக்க முடியாது.

இல்லாத சிக்னலை இது உண்டாக்காது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் வழியில், முண்டந்துறை காட்டுக்குள், பல இடங்களில் எந்த சிம்மும் எடுப்பதில்லை. லைவ் கேட்டு வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லி, பதிவு செய்து கீழே இறங்கியதும் ஏற்றித் தருவதாகப் பேசிக்கொள்கிறோம். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீர். கரண்ட் போய், டவர் பேட்டரிகளும் தீர்ந்த இடங்களில் கம்பெனி பேதமில்லாமல் எல்லாம் ஊமையானது. வேறு வேறு கம்பெனி என்றாலும் எல்லா டவரும் நிற்பது கரண்டை நம்பித்தான்.

தொந்தரவுகளும் உண்டு. நாலு மோடமும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் அனுப்பும்போது யூஎஸ்பி மின்சாரம் போதாமல் ஏதாவது ஒன்று அணைந்து எழும்; தனி மின்சாரம் உள்ள ஹப் கட்டாயம். சித்திரை வெயிலில் மோடம் கொதித்து வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, பையில் சின்ன விசிறி வைத்துத் துணியில் ஓட்டை போட்டிருக்கிறோம். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அடிக்கும் காற்றில் ஸ்டாண்டில் ஆன்டெனா நிற்காது, மணல்மூட்டை கட்டியே தீரவேண்டும். எச்டிஎம்ஐ ஒயர் நடக்கும்போது கழல்வதுதான் எல்லாவற்றிலும் எரிச்சல். நாலு சிம்மும் நன்றாக இருக்கும், படம் மட்டும் கறுத்துப்போகும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள்.

நல்ல ஃபைபர் உள்ள கல்யாண மண்டபத்துக்கு இது வேண்டாம். ஒரு லேப்டாப்பும், அவசரத்துக்கு ஒரு போன் ஹாட்ஸ்பாட்டும் தாராளம். நகரும் கேமரா, கூட்டம், ஊருக்கு வெளியே உள்ள கோயில் இந்த மூன்றில் ஒன்று இருந்தால் வாங்கலாம். 5ஜி மோடம் மாற்றலாமா என்று கேட்கிறார்கள். டவுனிலும் பாளையங்கோட்டையிலும் பலன் தெரிகிறது. நாங்கள் அதிகம் போகும் கொடை ஊர்களில் அது 4ஜிக்கே இறங்கிவிடுகிறது. இந்த வருடம் கையில் சேர்ந்த காசுக்கு இன்னொரு வி-மவுண்ட் பேட்டரிதான் வாங்கியிருக்கிறேன். ஒரு பேட்டரி ஐந்து மணி நேரம் நிற்கிறது, கொடை விடியும்வரை போகிறது.