‘ஃபர்ம்வேர் லைசென்ஸ்’ என்று பில் வந்தால் பணம் கட்டாதீர்கள் – டர்பன் பக்கம் பழைய சர்வர் வைத்திருப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கடை, குடோன், சின்ன ஆபீஸ் என்று எங்காவது பழைய ரேக் சர்வரை வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கொட்டேஷனில் “ஃபர்ம்வேர் லைசென்ஸ், 3 வருடம்” என்று ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஃபர்ம்வேர் என்பது மெஷினின் பாகங்களுக்குள்ளேயே பதிந்திருந்து அவற்றை இயக்கும் மென்பொருள். டெல் பவர்எட்ஜ் மெஷினுக்கு அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. எங்களிடம் அதற்கு 6,500 ரேண்ட் வாங்கினார்கள், சொன்ன வேலையைச் செய்யவில்லை, கேட்டதும் திரும்ப வந்து ஓடிக்கொண்டிருந்த மெஷினையும் படுக்கவைத்துவிட்டு, மதர்போர்டு போச்சு என்று இன்னொரு கொட்டேஷன் நீட்டினார்கள். கடைப் பெயரைப் போட முடியாது, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று முதலாளி பயப்படுகிறார், அவர் பயமும் நியாயம்தான். ஆனால் அவர்கள் செய்த விதத்தைச் சொல்லலாம் இல்லையா.

எங்கள் மெஷின் டெல் பவர்எட்ஜ் ஆர்720, 2012இல் வந்த தலைமுறை. எங்களுடையது பூஜைச் சாமான் மொத்த வியாபாரம்: கற்பூரம், ஊதுபத்தி, பித்தளை விளக்கு. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் கடைகளுக்கெல்லாம் சரக்கு போகிறது. ஸ்டாக்கும் பில்லிங்கும் இந்த ஒரு சர்வரில்தான். புரட்டாசி வந்தால் இங்கே வியாபாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அதற்குள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று அவசரம்.

என்ன பிரச்சினை என்றால், ஐடிராக் பக்கம் திறக்கவில்லை. தெரியாதவர்களுக்கு: ஐடிராக் என்பது சர்வருக்குள்ளேயே தனியாக ஓடும் குட்டிக் கம்ப்யூட்டர். மெயின் மெஷின் அணைந்து கிடந்தாலும் அது முழித்திருக்கும். வீட்டிலிருந்தே ஆன் பண்ணலாம், திரையைப் பார்க்கலாம், விசிறி வேகமும் சூடும் தெரியும். அதன் ஃபர்ம்வேர் ரொம்பப் பழசாக இருந்தால் இன்றைய பிரவுசர்கள் அந்தப் பழைய பாதுகாப்பு முறையை ஏற்றுக்கொள்ளாமல் பக்கத்தையே காட்டாது, காட்டினாலும் கன்சோலுக்கு ஜாவா கேட்டு உயிரை வாங்கும். புதிய பதிப்பில் ஜாவாவே வேண்டாம். எங்களுடையது 1.40.40இல் நின்றிருந்தது, எங்கள் மெஷினில் உள்ள ஐடிராக்7க்கு 2.65.65.65 வரை இருக்கிறது. அதை ஏற்ற வேண்டும், கூடவே பயாஸ் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது), ரெய்டு கார்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் கார்டு) ஃபர்ம்வேர், அவ்வளவுதான் வேலை.

முதலாளிக்குத் தெரிந்தவர் சொன்ன கடை. வந்தவர் நன்றாகத்தான் பேசினார். “அங்கிள், டோன்ட் வொரி” என்று முதலாளியின் தோளில் கைபோடாத குறை. கொட்டேஷனில் லைசென்ஸ் வரியைப் பார்த்துவிட்டு இது எதற்கு என்று நான் கேட்டேன். சப்போர்ட் முடிந்த மெஷினுக்குக் கம்பெனி ஃபைல் கொடுக்காது, நாங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்றார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள், ஏனென்றால் பொய் முழுப் பொய்யாக இல்லை. ஹெச்பி புரோலயன்ட் சர்வர்களுக்கு 2014 பிப்ரவரியிலிருந்து வாரன்டியோ சப்போர்ட் ஒப்பந்தமோ இருந்தால்தான் பயாஸ் ஃபைலை இறக்க முடியும் என்று ஆக்கிவிட்டார்கள், அது உண்மை. டெல்லிலும் ஐடிராக் என்டர்பிரைஸ் லைசென்ஸ் என்று ஒன்று உண்டு, அதுவும் உண்மை. ஆனால் அது ரிமோட் கன்சோல் மாதிரி வசதிகளைத் திறப்பதற்கு, அப்டேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எங்களிடம் அது ஏற்கெனவே இருந்தது. டெல் தளத்தில் மெஷின்மேல் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து சர்வீஸ் டேகைப் போட்டால் அந்த மாடலுக்கான பயாஸ், ஐடிராக், ரெய்டு எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், வாரன்டி முடிந்து எத்தனை வருடம் ஆனாலும் சரி. இதை நான் அவர் முன்னாலேயே திறந்து காட்டினேன். அது “பேசிக் ஃபைல்” என்றார், தன்னிடம் இருப்பது “பார்ட்னர் ஃபைல்” என்றார். முதலாளிக்குப் புரட்டாசி ஆர்டர் தலைக்குமேல் இருந்தது, விடு தம்பி, முடியட்டும் என்று பணத்தைக் கட்டச் சொல்லிவிட்டார்.

வேலை முடிந்ததென்று ரிப்போர்ட் கொடுத்தார்கள், கலர் பிரின்ட், கடை முத்திரையெல்லாம் இருக்கிறது. பயாஸ் 2.9.0, ஐடிராக் 2.65, ரெய்டு கார்டு லேட்டஸ்ட், ரெய்டு கார்டு பேட்டரி புதிது. அன்று மாலை எல்லோரும் போன பிறகு மெஷினை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். முதல் திரையிலேயே பயாஸ் 2.5.4 என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. எஃப்2 அழுத்தி உள்ளே போனால் ஐடிராக் அதே 1.40.40. எஃப்10இல் லைஃப்சைக்கிள் லாக் இருக்கிறது, எந்த நாளில் எந்த ஃபர்ம்வேரை மாற்றினார்கள் என்று அதுவே எழுதி வைத்துக்கொள்ளும். அவர்கள் வந்த தேதியில் ஒரே ஒரு பதிவு, பயாஸ் மட்டும், அதுவும் பழைய பதிப்பு, ஏதோ பென்டிரைவில் கிடந்ததைப் போட்டிருக்கிறார்கள். மூடியைக் கழற்றினேன். மாற்றியதாகச் சொன்ன பேட்டரிமேல் தூசி படலம் கலையாமல் அப்படியே இருக்கிறது. அதன் வயர் சொருகும் இடத்திலும் தூசி, விரல் பட்ட தடம்கூட இல்லை. எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன், பிறகு அதுதான் உதவியது.

போன் போட்டதும் மறுப்பெல்லாம் இல்லை, “சின்னப் பையன் மறந்திருப்பான் அங்கிள்” என்று வேறொருவரை அனுப்பினார்கள். அவர் வந்து 1.40இலிருந்து நேராகக் கடைசிப் பதிப்பைத் தள்ளினார். அவ்வளவு பழைய ஐடிராக்கை ஒரேயடியாக மேலே கொண்டுபோகக் கூடாது, நடுவில் ஒரு பதிப்பை ஏற்றி அது எழுந்து நின்ற பிறகுதான் அடுத்தது. சொன்னேன், கேட்கவில்லை. பாதியில் நின்றது. சும்மா இருக்காமல் மெஷினை அணைத்துப் போட்டார். அதற்கப்புறம் பவர் பட்டனை அழுத்தினால் வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு ஆறு விசிறியும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் அலறுகிறது. கட்டுப்படுத்த வேண்டிய ஐடிராக் செத்துக் கிடந்தால் விசிறி அப்படித்தான் ஓடும். குடோனில் பேசிக்கொள்ளவே முடியவில்லை.

இதற்கு அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: லோட் ஷெடிங், அதாவது முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது. இந்த ஊரில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்ற தைரியம். 2022, 2023இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வரை அனுபவித்தவர்கள் நாம், ஒத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் அன்று லோட் ஷெடிங்கே கிடையாது, சர்வர் யுபிஎஸ்ஸில் இருந்தது, யுபிஎஸ் லாக்கில் அந்த நேரத்தில் பேட்டரிக்கு மாறியதாக ஒரு வரி இல்லை. அதைக் காட்டியதும் கதை மாறியது. “பழைய மெஷின், மதர்போர்டு போய்விட்டது.” போர்டு 18,000 ரேண்ட், போர்டை மாற்றினால் ரெய்டு அழிந்துவிடும், டேட்டா ரெகவரி தனி.

போர்டை மாற்றினாலும் டேட்டா எங்கும் போகாது. ரெய்டு அமைப்பு எப்படி என்ற விவரம் டிஸ்குகளிலேயே எழுதியிருக்கும். அதே வகைக் கார்டில் அதே டிஸ்குகளைச் சொருகினால் வெளியிலிருந்து வந்த அமைப்பு என்று காட்டும், இம்போர்ட் கொடுத்தால் போதும். ரெகவரி என்று பயமுறுத்துகிறவர் ஒன்று தெரியாதவர், இல்லை தெரிந்தே செய்கிறவர்.

போர்டும் போகவில்லை. ஜோஹன்னஸ்பர்க்கில் டேட்டா சென்டரில் வேலை செய்யும் நண்பன் ஒருவன் போனிலேயே சொல்லிக்கொடுத்தான். ஐடிராக் ஃபைலைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபர்ம்ஐஎம்ஜி.டி7 என்பதை ஒரு எஸ்டி கார்டில் போட வேண்டும், வேறு ஃபோல்டருக்குள் இல்லாமல் நேராக. மெஷினின் பின்பக்கம் ஐடிராக் போர்ட் பக்கத்திலேயே விஃப்ளாஷ் என்று கார்டு சொருகும் இடம் இருக்கிறது. இரண்டு பவர் வயரையும் பிடுங்கி, பட்டனை அழுத்திப் பிடித்து மிச்சக் கரண்டை வடியவிட்டு, கார்டைச் சொருகி, வயரை மாட்டிவிட்டுக் கைவைக்காமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். திடீரென்று விசிறி சத்தம் இறங்கியது. அதற்கப்புறம் ஐடிராக் பக்கம் பிரவுசரில் சாதாரணமாகத் திறந்தது, மிச்ச அப்டேட்டை நாங்களே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டோம். செலவு ஒரு எஸ்டி கார்டு.

பணம் திரும்ப வந்ததா என்றால், பேட்டரிக் காசு மட்டும் வந்தது, தூசி போட்டோவைப் பார்த்த பிறகு. லைசென்ஸ் காசு “ரீஃபண்ட் கிடையாது” என்கிறார்கள். லைசென்ஸ் கீ கொடுங்கள், நீங்கள் வாங்கிய ரசீதைக் கொடுங்கள் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் இல்லை. சட்டப்படி போகலாமா என்று பார்த்தால், 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆண்டு விற்றுமுதலோ சொத்தோ 20 லட்சம் ரேண்டைத் தொட்ட கம்பெனிக்குப் பொருந்தாது, நாங்கள் தொட்டுவிட்டோம். சின்னத் தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் 20,000 ரேண்ட் வரை கேட்கலாம், ஆனால் தனிநபர்தான் வழக்குப் போட முடியும், கம்பெனி முடியாது. மாஜிஸ்திரேட் கோர்ட் என்றால் வக்கீல் பீஸே அந்தப் பணத்தைத் தின்றுவிடும்.

நீங்கள் சின்னக் கடையாகவோ கோயில் சபையாகவோ இருந்து அந்த வரம்புக்குள் வந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. கொட்டேஷன் கேட்டால் அதைக் கொடுத்து உங்கள் சம்மதம் வாங்காமல் காசு கேட்க முடியாது, அதில் உள்ளதற்கு மேலும் உங்களைக் கேட்காமல் ஏற்ற முடியாது. கழற்றிய பழைய பாகத்தையும் திருப்பித் தர வேண்டும், வேண்டாம் என்று நீங்களே சொன்னால் ஒழிய. எப்படியிருந்தாலும் வேலைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை மெஷின் திரையில் தெரியும் பதிப்பு எண்களைப் போட்டோ எடுத்து அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்கான ஆள் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். முகம் சுளித்தால் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.