4,600 டாலர் போச்சு: விமான எஞ்சினுக்கு இஎஃப்ஐ கிட் வாங்கப் போறீங்களா, இதைப் படிச்சுட்டுப் போங்க

இன்னைக்குக் காலைல கிட் வித்த கடைக்காரங்க என் புகாரை 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடிட்டாங்க. தீரல. 4,600 டாலர் போனது போனதுதான். பெட்ரோலைக் காத்தோட கலந்து எஞ்சினுக்குக் குடுக்கப் பழைய கார்புரேட்டரா, இல்ல கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணிப் பீச்சுற இஎஃப்ஐயான்னு குழம்பிட்டு இருக்கிறவங்களுக்காகக் கடைசில விவரமா எழுதுறேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

என்னோடது நானே கட்டின ரெண்டு சீட்டர். இறக்கை மேல, டேங்க் இறக்கைக்குள்ள, பெட்ரோல் தானா இறங்கும். மேக்னெட்டோ இக்னிஷன், அதாவது பேட்டரி இல்லாமலே பொறி குடுக்கும். பேட்டரி செத்தாலும் எஞ்சின் பாட்டுக்கு ஓடும். ஒரே தொல்லை ஐஸ். கார்புரேட்டர் தொண்டைல பெட்ரோல் ஆவியாகும்போது உள்ள வெப்பம் 30 டிகிரிக்கு மேல கூட இறங்கும். ஈரக்காத்து இருந்தா, வெளிய 20 டிகிரி இருக்கிற நாள்லயும் உள்ள பனி கட்டும். இறங்கி வரும்போது ரெண்டு தடவை ஆர்பிஎம் சத்தமில்லாம சரிஞ்சுது. கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குள்ள சூடான காத்தை விடுற லிவர்) இழுத்தா இன்னும் சரிஞ்சு, நாலு இருமல் இருமி, அப்புறம்தான் உயிர் வந்துது. அந்த இருமலைக் கேட்டவன் இஎஃப்ஐ பக்கம் போகாம இருக்க முடியாது.

சொந்தமா விமானம் கட்டுறவங்களுக்கு மாற்று கிட் விக்கிற ஒரு ஆன்லைன் கடை. வீடியோ கால்ல வந்தவர் பொறுமையாப் பேசினார். "ரெண்டு ஈசியு, அதான் பெட்ரோல் அளவைப் பாத்துக்கிற கம்ப்யூட்டர், ரெண்டு பம்ப் சார். ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும், உங்களுக்கே தெரியாது." கேமராவைத் திருப்பி, ஸ்டாண்டுல ஓடுற எஞ்சினைக் காட்டி, ஒரு ஈசியுவோட ஸ்விட்சை ஆஃப் பண்ணினார். எஞ்சின் அசையல. நான் விழுந்தது அங்கதான். ஸ்விட்சை ஆஃப் பண்ணிக் காட்டினாரே தவிர, கரண்டை வெட்டிக் காட்டலைன்னு அப்ப உறைக்கல. பழைய கார்புரேட்டரைக் குடுத்தா 300 டாலர் கழிவுன்னார். அதையும் பார்சல் பண்ணி அனுப்பினேன், புத்திசாலி மாதிரி.

மாட்டி முடிச்சு, தரையில ஓடவிட்டு, ஒவ்வொரு ஃபியூஸாப் பிடுங்கிப் பாத்தேன். மூணாவதுல புரொப்பெல்லர் நின்னுடுச்சு. ஒயர்க்கட்டு (ஹார்னஸ்) மேல சுத்தின டேப்பைப் பிரிச்சுப் பாத்தா ரெண்டு ஈசியு, ரெண்டு பம்ப், எல்லாத்துக்கும் சேத்து ஒரே ஒரு சிவப்பு ஒயர்! எர்த் ஒயரும் ஒரே போல்ட்ல. மேக்னெட்டோ பொறி குடுத்து என்ன பண்ண, பெட்ரோலே வரலையே. இன்னொண்ணு: இஎஃப்ஐல மிச்சப் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிப் போகணும். இவங்க கிட்ல பம்ப்புக்கு முன்னாடி டி வடிவ இணைப்பு போட்டு அங்கயே சேக்கச் சொல்லியிருக்காங்க. சூடான பெட்ரோல் அதுக்குள்ளேயே சுத்தி, ஆவியாகி பெட்ரோல் வர்ற வழியையே அடைக்கட்டும்னா?

எழுதிக் கேட்டேன். முதல்ல "உங்க எர்த் சரியில்ல". அடுத்தது "ஃபர்ம்வேர் அப்டேட் வருது". வீடியோ எடுத்து அனுப்பினேன். "டேப் பிரிச்ச ஹார்னஸைத் திரும்ப எடுக்க மாட்டோம்." போன் போட்டா, அதே பொறுமையான குரல்: "சார், வானத்துல யார் வந்து ஃபியூஸைப் பிடுங்கப் போறா?"

4,600 டாலர்ங்க.

இஎஃப்ஐயே மோசம்னு நான் சொல்லல. 2012ல வந்த ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சின்ல ரெண்டு லேன் (தனித்தனி கன்ட்ரோல் வழி), ரெண்டு ஜெனரேட்டர். அது ரெட்டை. என்கிட்ட வந்தது ஒரே ஒயர்ல தொங்குற ரெண்டு பெட்டி.

விவரமா எழுத இப்ப மனசு வரல. பணம் கட்டுறதுக்கு முன்னாடி முழு ஒயரிங் படம் கேளுங்க, தரலைன்னா போனை வெச்சிடுங்க. கரண்ட் ரெண்டு தனி வழியா வருதா, ரிட்டர்ன் லைன் டேங்க் வரைக்கும் போகுதான்னு பாருங்க. சான்றிதழ் பெற்ற விமானம்னா அனுமதி இல்லாம இதைத் தொடவே கூடாது. பழைய கார்புரேட்டரை மட்டும் குடுத்துடாதீங்க.

கொஞ்ச நேரம் முன்னாடி அவங்க தளத்தைத் திறந்தேன். 'சர்வீஸ் செய்தது, 950 டாலர்'னு ஒரு கார்புரேட்டர் விற்பனைக்கு இருக்கு. கிண்ணத்தோட திருகுல நான் அடையாளத்துக்கு வெச்ச பச்சை பெயிண்ட் புள்ளியைக் கூட துடைக்கல.